மானுக்கும் பன்னிக்கும் மேக்னம் வேண்டுமா?

அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட நம் கொங்குப் பையன்களில் சிலர், அங்கே முறைப்படி உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறார்கள். கோபி, உடுமலை, பெருந்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். காட்டுப்பன்னிக் கூட்டம் ஒரே ராத்திரியில் கடலைக்காட்டைப் புரட்டிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள். டெக்சாஸிலும் பன்னித் தொல்லை பெரிது என்று தெரிந்ததும் அவர்களுக்குத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் வந்துவிடுகிறது. ஊருக்குப் பேசும்போது கேட்பது இதுதான்: "ஏனுங் மாமா, மொதத் துப்பாக்கியே மேக்னமா வாங்கிரலாங்களா? பெருசா இருந்தா ஒரே வெடில உழுந்துருமுங்களே?"

மானுக்கும் பன்னிக்கும் மேக்னம் என்னும் கூடுதல் பலமுள்ள தோட்டா தேவையில்லை. முதல் துப்பாக்கி என்றால் அது கெடுதலும்கூட. இதைக் காரணத்தோடு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கையில் பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி உரிமம் இருந்தாலும் பன்னியை நாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்னியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்யவேண்டும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கும், விஷயம் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும்.

சரி, தோட்டாவிலிருந்து தொடங்கலாம். பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் கலந்து சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. ட்ரிக்கரை இழுத்ததும் பிரைமர் பற்றுகிறது, மருந்து எரிகிறது, அந்த வாயுவின் அழுத்தம் குண்டைப் பேரல் வழியாக வெளியே தள்ளுகிறது. மிருகத்தைப் போய்ச் சேர்வது குண்டு மட்டும்தான். குண்டின் எடையைக் கடைகளில் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள், ஏறக்குறைய 15.4 கிரெய்ன் ஒரு கிராம்.

அதே விட்டமுள்ள குண்டுக்குப் பின்னால் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டையும் அதிக மருந்தையும் வைத்து வேகத்தைக் கூட்டினால் அதை மேக்னம் என்கிறார்கள். இதற்குமேல் போனால்தான் மேக்னம் என்று எல்லைக்கோடு எதுவும் இல்லை. பெயரில் வரும் .22, .30 போன்ற எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில். .22 மேக்னம் முயல், நரி அளவுக்குத்தான் ஆகும். பெயரில் மேக்னம் இல்லாத .30-06 அதைவிடப் பல மடங்கு பலமானது. அதனால் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெரிய ரைபிள்களில் இந்தப் பெயரை நிலைநிறுத்தியது 1912-ல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்த .375 மேக்னம். யானை, எருமை மாதிரிப் பெரிய, ஆபத்தான மிருகங்களுக்கு ஏற்ற தோட்டா அது. அதன் கூடு முன்பக்கம் நன்றாக ஒடுங்கிப்போவதால், பேரலின் அறைக்குள் சரியான இடத்தில் நிற்க அடியில் ஒரு பித்தளைப் பட்டை வைத்தார்கள். பிறகு வந்த பல மேக்னங்களுக்கு அந்தப் பட்டைக்கு அவசியமே இல்லை. வாங்குபவர்கள் பட்டையைப் பார்த்துத்தான் மேக்னம் என்று நம்பினார்கள் என்பதால் அப்படியே விட்டுவைத்தார்கள். 1940களில் அமெரிக்காவில் ராய் வெதர்பி வேகம்தான் எல்லாம் என்று தோட்டாக்களை வடிவமைத்தார். அந்த ஆசையைப் பெரிய கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன: 1958-ல் .338 வின்செஸ்டர் மேக்னம், 1962-ல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963-ல் .300 வின்செஸ்டர் மேக்னம். ஆப்பிரிக்க யானைக்கும் எருமைக்கும் என்று பிறந்த யோசனை, ஐம்பது வருஷத்தில் மான் வேட்டைக்காரரின் கைக்கு வந்துவிட்டது.

எந்தத் தோட்டா புழங்குகிறது என்பதை மிருகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பாருங்கள். நம் நாட்டில் 1900களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு .450 விட்டத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. அந்த விட்டத் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்த அதே விட்டப் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்ற பயம்தான் காரணம். அதற்காகவே .465 போன்ற புது அளவுகள் பிறந்தன. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால்தான் .315 இங்கே பரவியது, ஈஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைபிள் உரிமம் உள்ளவர்களிடம் இன்றும் இருக்கிறது. சுட்டவர்கள் அதைக்கொண்டு சமாளித்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு தோட்டாக்களை எடுத்துக்கொள்ளலாம். 1906-ல் வந்த .30-06, 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம். இரண்டும் ஒரே விட்டம். இரண்டிலும் 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டு. .30-06-ல் அது வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மேக்னத்தில் சுமார் 900 மீட்டர். வேகத்தில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குப் பக்கம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதில் வித்தியாசம் இருபது சதவீதம்: சுமார் 3,950 ஜூலுக்கு எதிரே 4,750 ஜூல். இந்தப் பத்து சதவீத வேகத்துக்காக மேக்னம் எரிக்கும் மருந்து கால்பங்குக்கும் மேல் அதிகம். போர்வெல்லில் அதே குழாயை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் 5 ஹெச்பியிலிருந்து 7.5 ஹெச்பிக்கு மாற்றினால் தண்ணீர் ஒன்றரை மடங்காக வந்துவிடாது. கரண்டு செலவு ஏறும், தண்ணீர் கொஞ்சம்தான் கூடும். ஒரே விட்டமுள்ள பேரலில் மருந்தைக் கூட்டுவதும் அப்படித்தான்.

அந்தக் கூடுதல் வேகத்தால் என்ன கிடைக்கிறது? காற்று எதிர்ப்பதால் எந்தக் குண்டும் போகப்போக வேகம் இழக்கும். மேக்னத்தின் குண்டு ஏறக்குறைய 130 மீட்டர் போனபிறகு, .30-06-ன் குண்டு பேரலை விட்டுக் கிளம்பும்போது இருந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் ஆதாயம். .30-06 வைத்திருப்பவர் 200 மீட்டரில் செய்வதை மேக்னம் வைத்திருப்பவர் 330 மீட்டரில் செய்யலாம், அந்த தூரத்தில் சரியான இடத்தில் படும்படி சுடத் தெரிந்திருந்தால். குண்டு கீழே இறங்கும் அளவிலும் இதே கதைதான். இரண்டையும் 200 மீட்டருக்குக் குறிவைத்துச் சரிசெய்தால், 300 மீட்டரில் வித்தியாசம் ஐந்து செ.மீ.க்குப் பக்கம். நூறு மீட்டரில் வித்தியாசமே தெரியாது. பன்னியும் மானும் சுடப்படும் சம்பவங்களில் பெரும்பாலானவை 200 மீட்டருக்குள்ளேயே நடக்கின்றன. டெக்சாஸில் தீனி போடும் இடத்துக்கு எதிரே பரணில் உட்கார்ந்து சுடுகிறவருக்கு நூறு மீட்டரே அதிகம்.

அடுத்தது, மிருகம் எதனால் விழுகிறது என்ற விஷயம். இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "பெரிய குண்டு பட்டா அப்படியே தூக்கி அடிச்சிரும்" என்பார்கள். அடிக்காது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, குறைந்தது அதே அளவு உந்தம் சுடுகிறவரின் தோளுக்கும் வரும். வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் தோளுக்கு வருவது இன்னும் அதிகம். அந்த உந்தம் தோளில் வாங்கியவரைத் தூக்கி எறியவில்லை என்றால், 80 கிலோ பன்னியை மட்டும் எப்படி எறியும்? மேக்னம் குண்டின் உந்தம் முழுவதும் அந்தப் பன்னிக்குப் போனால்கூட அது வினாடிக்குச் சுமார் 13 செ.மீ. வேகத்தில் நகரும். ஒரு தவழும் குழந்தையின் வேகம்கூட இல்லை.

குண்டு கொல்வது இரண்டு வழியில். மூளையையோ தண்டுவடத்தையோ கிழித்தால் அந்த இடத்திலேயே விழும். இதயத்தையும் நுரையீரலையும் கிழித்தால் ரத்தம் வடிந்து, மூளைக்குப் போகும் ஆக்சிஜன் நின்று விழும். இந்த இரண்டாவதுதான் வழக்கமான வழி. அதற்கு ஒரு பத்துப் பதினைந்து வினாடி பிடிக்கலாம். இதயம் கிழிந்த மான்கூட அந்த நேரத்துக்குள் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிடும். புதிதாகச் சுடுகிறவர் அதைப் பார்த்து "பவர் பத்தல" என்று நினைத்துக்கொள்கிறார். சரியாகப் பட்டிருக்கிறது, மிருகத்தின் உடல் அப்படித்தான் இயங்கும். மானின் மார்பில் அந்த உயிர்நிலை ஏறத்தாழ 20 செ.மீ. அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதற்குள் படுமா படாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பன்னியின் கதை இன்னும் நுட்பமானது. அதன் இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிடக் கீழேயும் முன்னேயும் இருக்கின்றன. இதயம் ஏறக்குறைய முன்னங்கால்களுக்கு நடுவில், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள். மேலே தெரியும் பெரிய திமில் போன்ற பகுதியில் பாதி, மயிரும் கொழுப்பும் முதுகெலும்பிலிருந்து மேலே நீளும் முட்களும்தான். அங்கே பட்டால் பன்னி சட்டென்று விழும், விழுந்தது எழுந்து ஓடிவிடும். மேக்னத்தால் சுட்டாலும் அதே கதைதான். ஆண் பன்னிக்குத் தோளின் மேல் தடித்த கெட்டித் தோல் கவசம் உண்டு என்பது உண்மை. ஆனால் நல்ல குண்டு போட்ட, மேக்னம் அல்லாத .308 தோட்டாவே அதை ஊடுருவிப் போய்விடும். அதைப் பார்த்து யாரும் மேக்னத்துக்குப் போக வேண்டியதில்லை.

நல்ல குண்டு என்றேனே, அதைப் பற்றிப் பேச்சே குறைவு, இருக்க வேண்டியதோ நிறைய. குண்டு உள்ளே போனதும் முனை விரிந்து அகலமான காயம் செய்யவேண்டும். அதே நேரம் சிதறிவிடாமல் ஆழமாகவும் போகவேண்டும். இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்காவின் ஜான் நோஸ்லர் 1940களில், நடுவில் தடுப்புச்சுவர் வைத்த குண்டை உருவாக்கினார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். இன்றைக்கு முழுவதும் தாமிரத்தால் ஆன குண்டுகளும், ஈயத்தையும் மேலுறையையும் ஒட்டவைத்த குண்டுகளும் கிடைக்கின்றன. மெல்லிய உறை போட்ட மலிவான குண்டை மேக்னம் வேகத்தில் ஐம்பது மீட்டரில் சுட்டால் அது தோள் எலும்பில் பட்டதும் சிதறி, மேல் சதையை மட்டும் நாசம் செய்துவிடும். இறைச்சியும் வீண், மிருகமும் காயத்தோடு ஓடும். தோட்டாவின் அளவுக்காகச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் குண்டின் தரத்துக்குப் போடுங்கள்.

இனி தோள். மேக்னத்தின் மேல் எனக்குள்ள முதன்மையான குறையே அதன் உதைதான். ஒரே எடையுள்ள துப்பாக்கியில், .30-06-ஐவிட .300 மேக்னம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக உதைக்கும். உதை குறைந்த .243 தோட்டாவோடு ஒப்பிட்டால் இரண்டரை, மூன்று மடங்கு. சத்தமும் அப்படியே. இரண்டு மூன்று முறை தோளில் வலிக்க வாங்கிய பிறகு, உடம்பு தானாகவே பயப்படக் கற்றுக்கொள்கிறது. ட்ரிக்கரை இழுக்கும் அந்த நொடியில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், கை ட்ரிக்கரைச் சட்டென்று பிடுங்கும். சுடுகிறவருக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: பயிற்சி மைதானத்தில் நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தரட்டும். வெடிக்காத அந்த முறை துப்பாக்கி முனை ஆடினால், நல்ல தோட்டா போட்டபோதும் அப்படித்தான் ஆடியிருக்கிறது. நூறு மீட்டரில் அந்த ஆட்டம் குண்டை ஒரு சாண், இரண்டு சாண் தள்ளிக் கொண்டுபோய்விடும். இருபது சதவீதக் கூடுதல் ஆற்றல் குடலில் பட்ட பன்னியைக் காப்பாற்றாது. அது சோளக்காட்டுக்குள் போய் மூன்று நாள் துடித்துச் சாகும், அல்லது தேடிப்போகிறவரைக் குத்தும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் மலையடிவாரங்கள். தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடியான அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் செத்த யானைகளை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம். அரைகுறையாகக் காயம்பட்ட மிருகத்தின் சாவு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்கும் ஊரில் வேட்டைக்குப் போகிறவர், சட்டென்று முடிக்கத் தெரிந்த பிறகுதான் போகவேண்டும்.

குறி முக்கியம் என்பதற்குப் பழைய சாட்சிகள் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கரமோஜோ பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவை 1892-ல் பிறந்த 7 மி.மீ. மௌசர் தோட்டாவால்; இன்றைய கணக்கில் அது மான் தோட்டா. யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று மனப்பாடம் செய்திருந்தார் அவர். ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கொடுத்த ரிக்பி ரைபிளும் அதே 7 மி.மீ.தான். திம்பம் மலைக் காடுகளில் சுற்றிய வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர்; பெரிய குண்டு, ஆனால் நிதானமான வேகம். பெல் செய்தார் என்பதற்காகச் சின்னத் தோட்டாவை எடுத்துக்கொண்டு யாரும் யானைக்கு எதிரே போய் நிற்கக்கூடாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது சட்டவிரோதமும்கூட. கவனிக்க வேண்டியது, அவர் மண்டையோட்டை அறுத்துப் பார்த்துப் படித்ததை.

சட்டங்களும் இதே திசையில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் மானுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 2,300 ஜூல். .243 அதைச் சுலபமாகத் தாண்டும். ஸ்வீடனில் நம் காட்டுமாட்டில் பாதி எடைக்கு வளரும் மூஸ் என்னும் பெரிய மானை, 1894-ல் வந்த 6.5 மி.மீ. தோட்டாவால் தலைமுறை தலைமுறையாகச் சுடுகிறார்கள். நமீபியாவில் ஸ்பிரிங்பக் போன்ற சின்ன மானுக்கு 1,350 ஜூல், குடு (kudu) போன்ற பெரிய மானுக்கு 2,700 ஜூல், எருமை, யானைக்கு 5,400 ஜூல் என்று படி வைத்திருக்கிறார்கள். .30-06 இரண்டாவது படியைத் தாராளமாகத் தாண்டுகிறது. மூன்றாவது படிக்குத்தான் .375 மாதிரி நிஜமான பெரிய தோட்டா வேண்டும். .300 மேக்னமும் அங்கே போதாது.

அப்படியானால் மேக்னம் யாருக்கு? ஆப்பிரிக்க எருமைக்கு முன்னால் நிற்கிறவருக்கு .375 வேண்டும், அதில் விவாதமே இல்லை. அலாஸ்காவின் பழுப்புக் கரடி நாட்டில் நடப்பவருக்கும் பெரிய தோட்டா நியாயம்தான். மரமில்லாத மலைச்சரிவில், கிட்டே போக வழியே இல்லாமல், டாப்ஸ்லிப் கடமானைவிடப் பெரிய எல்க்கை 350, 400 மீட்டரில் சுட நேர்கிறவருக்கும், அந்த தூரத்தில் நிறையப் பயிற்சி செய்தவர் என்றால், மேக்னம் உதவும். அந்த வேலையிலும்கூட 2007-ல் வந்த 6.5 கிரீட்மூர் மாதிரித் தோட்டாக்கள், நீண்டு மெலிந்த குண்டால் காற்றை நன்றாகக் கிழித்து, குறைந்த உதையில் கணிசமான தூரம் போகின்றன.

நம் ஊர் நிலத்துக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. கொங்கில் தோட்டத்துக்குத் தோட்டம் சாளை, அதாவது குடியிருக்கும் வீடு, இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேயும், விடியற்காலை பால் கறக்க ஆள் நடப்பார்கள். ரைபிள் குண்டு எதிலும் படாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். வனத்துறையினரே சுட்டாலும், குண்டு போய்ப் புதையும் மண்மேடு பன்னிக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுடவேண்டும். பலம் கூடக்கூட, பன்னியை ஊடுருவி வெளியே போகும் குண்டின் மிச்ச ஆற்றலும் கூடும். நெருக்கமான நிலத்தில் அது ஆபத்து.

முதல் துப்பாக்கி வாங்கப்போகும் மாப்பிள்ளைகளுக்கு என் யோசனை: .308, .270, 6.5 கிரீட்மூர், 7 மி.மீ.-08 இவற்றில் ஒன்று. உடம்பு சிறியவர்களுக்கு .243. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் தோட்டா கிடைக்கும், விலையும் மேக்னத்தைவிடக் குறைவு, மிச்சமாகும் காசில் நிறையச் சுட்டுப் பழகலாம். கூடவே ஒரு .22 வைத்துக்கொண்டு வாராவாரம் சுட்டால் ட்ரிக்கர் கை படியும். படுத்துக்கொண்டு மட்டுமல்லாமல் உட்கார்ந்தும், மண்டியிட்டும், கோலில் சாய்த்தும் சுட்டுப் பாருங்கள். எந்த தூரத்தில் அந்த 20 செ.மீ. வட்டத்துக்குள் தவறாமல் படுகிறதோ, அதுவரைதான் மிருகத்தைச் சுடலாம்.

ஏற்கெனவே மேக்னம் வாங்கிவிட்டவர் விற்கவேண்டியதில்லை. தோளுக்கு நல்ல ரப்பர் பட்டை போடுங்கள், மருந்து குறைத்த தோட்டாக்கள் கிடைத்தால் அவற்றில் பழகுங்கள், ஒரு தடவைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் சுடாதீர்கள். பேரல் முனையில் திருகும் மசில் பிரேக் உதையை நன்றாகக் குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் சத்தம் சுடுகிறவர் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் பலமாக வந்து சேரும். அதைப் போட்டவர் வேட்டைக்குப் போனாலும் காது மூடியைக் கழற்றக்கூடாது, கூட வருகிறவருக்கும் ஒன்று கொடுக்கவேண்டும்.